கேசுவேரியஸா, டினான்டியா, டெலியோகிராமாவா? காங்கோ விரைநீர் மீன்களில் எதைத் தேர்வது

நான்கடித் தொட்டி ஒன்றைக் காலியாக வைத்துக்கொண்டு, வழக்கமான ஏரி சிக்லிட்களை (ஜிலேபி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களை) விட்டுவிட்டு இம்முறை ஆற்று சிக்லிட்களை வளர்க்கலாம் என்று முடிவுசெய்யும் நண்பர்கள், சில வாரத் தேடலுக்குப் பின் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். காங்கோ ஆற்றின் விரைநீரில் வாழும் ஸ்டீட்டோகிரானஸ் பேரினத்தில், நெற்றி புடைத்த கேசுவேரியஸை வாங்குவதா, அதன் ஒல்லியான உறவினரான டினான்டியை வாங்குவதா, அல்லது அதே ஆற்றின் பாறைகளுக்கிடையே வாழும் வேறொரு பேரினமான டெலியோகிராமாவைத் துணிந்து வாங்குவதா என்பதே அந்தக் கேள்வி. மூன்றும் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கும் மீன்கள். மூன்றும் பாறைக் குகையில் முட்டையிடுபவை. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே நீர், ஒரே தீனி. இந்த ஒற்றுமைகளைப் பார்த்துவிட்டு, எது அழகாக இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தொட்டியிலிருந்து மீன்களை ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். அழகையும் விலையையும் விட அந்த மீன் எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பதே இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

## விரைநீர் மீன் என்றால் என்ன

ஸ்டீட்டோகிரானஸ், டெலியோகிராமா ஆகிய இரண்டு பேரினங்களுக்கும் 1899-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே. கொழுப்பு, மண்டையோடு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து முதல் பெயரை அவர் உருவாக்கினார். முதிர்ந்த ஆண் மீனின் நெற்றியில் திரளும் கொழுப்புத் திமிலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்று இனங்களையும் முறையாக விவரித்தவர் பெல்ஜிய மீனியலாளர் மேக்ஸ் போல்: கேசுவேரியஸையும் டினான்டியையும் 1939-இல், டெலியோகிராமா பிரிச்சார்டியை 1959-இல். நம் ஊர்க் குளங்களை நிறைத்திருக்கும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட்தான் என்பதால், இவற்றைத் தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்; குணத்தில் மட்டும் எந்த ஒற்றுமையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கின்ஷாசாவும் பிராசவில்லும் எதிரெதிர்க் கரைகளில் நிற்கும் பூல் மலேபோ என்னும் ஏரி போன்ற விரிவைக் கடந்ததும், காங்கோ ஆறு குணம் மாறுகிறது. அங்கிருந்து மடாடி துறைமுகம் வரையிலான சுமார் 350 கிலோமீட்டரில் ஆறு ஏறத்தாழ 270 மீட்டர் இறங்குகிறது. விநாடிக்குச் சராசரியாக 40,000 கன மீட்டர் அளவிலான நீர் இந்தப் பாறைப் பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. சில இடங்களில் ஆழம் 200 மீட்டரைத் தாண்டுகிறது. இப்படிப்பட்ட ஆற்றில் வாழும் மீன் நீச்சலில் வல்லதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இவை மோசமான நீச்சல்காரர்கள். மற்ற மீன்களை நடுநீரில் மிதக்கவைக்கும் காற்றுப்பை இவற்றில் சுருங்கிப் போயிருப்பதால், இவை தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன; இடம் மாற வேண்டுமானால் தத்தித் தத்திச் செல்கின்றன. வெள்ளத்தோடு மல்லுக்கட்டாமல், பாறையின் மறைவில் இருக்கும் ஒரு கையகல அமைதியில் உட்கார்ந்துகொண்டு, பாறைமேல் படியும் பாசிப் படலத்தையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் தின்று வாழ்வதே இவற்றின் வழி.

தொட்டி அமைப்பவர் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் முதல் செலவிலேயே தவறு நேரும். ஆற்று மீன் என்ற சொல்லைக் கேட்டவுடன் இரண்டு அலைப் பம்புகளைப் பொருத்தித் தொட்டி முழுவதையும் கொந்தளிக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டியில் மீன்கள் நாள் முழுவதும் குகையை விட்டு வெளியே வருவதில்லை. ஆறு இந்த மீன்களுக்குத் தருவது உயிர்வாயு நிறைந்த, கழிவு தங்காத நீரை. வேகம் அதற்கான வழி மட்டுமே. ஒரு பக்கத்தில் ஓட்டம், மறுபக்கத்தில் பாறை மறைவு என்று தொட்டியைப் பிரித்தால் போதும், மீன் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

## எந்த அளவுகோல்களால் அளப்பது

முதல் அளவுகோல், மேலே சொன்ன குடும்ப முறை. ஆணும் பெண்ணும் நிலையான இணையாக வாழுமா, ஓர் ஆண் பல பெண்களோடு வாழுமா, முட்டையிட்ட பிறகு ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளுமா என்பதைப் பொறுத்தே எத்தனை மீன் வாங்க வேண்டும், எத்தனை மீனைப் பிறகு வெளியேற்ற வேண்டும் என்பது அமையும். இரண்டாவது, தரைப்பரப்பு. தரையை விட்டு எழாத மீனுக்குத் தொட்டியின் உயரத்தால் பயன் இல்லை. எனவே லிட்டர் கணக்கை மறந்துவிட்டு நீளத்தையும் அகலத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது, நம் வீட்டுக் குழாயில் வரும் நீரையும் சித்திரை வெயிலையும் அந்த மீன் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பது. நான்காவது, மீன் குஞ்சு பொரித்த பிறகு வரும் சுமை. பெருகுவதை வெற்றியாக மட்டும் பார்ப்பவர்கள், நூறு குஞ்சுகளுக்கு இடம் தேடும் நாளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆணையும் பெண்ணையும் வாங்கும்போதே பிரித்தறிய முடியுமா என்பது சிறிய செய்தியாகத் தோன்றினாலும், அதையும் ஐந்தாவதாகச் சேர்க்கிறேன். செலவில் அதன் பங்கு பெரியது.

## மூன்றுக்கும் பொதுவான மறைசெலவு

எந்த மீனைத் தேர்ந்தாலும் தப்ப முடியாத செலவுகள் சில உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். 32 டிகிரியில் அது சுமார் 7.3 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் மீனின் உயிர்வாயுத் தேவை கூடுகிறது என்பதால், இழப்பு இரு பக்கமும் வெட்டுகிறது. இந்த மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை உகந்தது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் குளிரூட்டப்படாத அறையில் உள்ள தொட்டி 31, 32 டிகிரியை எளிதாகத் தொடும். நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி ஆவியாதலால் வருவது என்பதால், கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பலன் குறையும், தொட்டி நீரும் தினந்தோறும் வற்றும். வற்றிய அளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், உப்பு மட்டும் தொட்டியில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஆவியானதை ஈடுசெய்ய ஆர்.ஓ. நீரே சரி.

மின்கட்டணம் பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 20 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதக் கணக்கில் சுமார் 29 யூனிட். அச்சம் மின்வெட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஓட்டம் நின்ற விரைநீர்த் தொட்டியில் முதலில் மூச்சு வாங்குபவை இந்த மீன்களே. மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை, மீன் வாங்கும் அன்றே வாங்கிவிட வேண்டும். முதல் மின்வெட்டுக்குப் பிறகு வாங்குவதில் பொருள் இல்லை.

இன்னொன்று, பாறை. இந்த மீன்கள் மணலைத் தோண்டும், அதுவும் இரவோடு இரவாக. மணலின் மேல் அடுக்கப்பட்ட பாறை அடியில் குடைந்தெடுக்கப்பட்டு மீன்மேலேயே சரிந்துவிடும் என்பதால், பாறைகளைக் கண்ணாடித் தரையில் மெல்லிய பலகை அல்லது பஞ்சுத் தாள் விரித்து முதலில் நிறுத்திய பிறகே மணலை நிரப்ப வேண்டும். தாவரம் வேண்டுமென்றால் அனுபியாஸையோ காங்கோ பெரணி என்று விற்கப்படும் போல்பிடிஸையோ பாறையில் கட்டிவிடலாம்; மணலில் நட்டது எதுவும் நிற்காது.

## கேசுவேரியஸ்

கேசுவேரியப் பறவையின் தலைமேல் இருக்கும் கொம்புக் கவசத்தை நினைவூட்டும் திமிலால் இந்தப் பெயரைப் பெற்ற மீன் இது. ஆண் சுமார் 11 முதல் 14 செ.மீ. வரை வளரும், பெண் அதைவிடச் சில செ.மீ. சிறியது, திமிலும் சிறியது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடல். கடைத் தொட்டியில் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது. இளமீனுக்குத் திமிலும் இருக்காது. வண்ணத்தைத் தேடுபவர் இந்தப் பத்தியோடு நின்றுவிடலாம்.

இதன் பெருமை குடும்பத்தில் இருக்கிறது. இளமையில் சேரும் இணை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பிரிவதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு பாறையின் அடியை வாய்நிறைய மணலாக அள்ளி அள்ளிக் குடைகிறார்கள். குகைக்குள் பெண் முட்டைகளைக் காக்க, வாசலில் ஆண் காவல் நிற்கிறது. குஞ்சுகள் வெளிவந்த பிறகும் காவல் வாரக்கணக்கில் தொடர்கிறது. பெற்றோர் பெரிய தீனித் துணுக்கை வாயில் மென்று குஞ்சுகளின் நடுவே துப்புவதைப் பார்த்தவர்கள், நெற்றி புடைத்த இந்தச் சாம்பல் மீனை அதற்குப் பிறகு அழகில்லாதது என்று சொல்லத் தயங்குவார்கள். அடுத்த முறை முட்டையிட்ட பின்னும் முந்தைய குஞ்சுகளைப் பெற்றோர் உடனே விரட்டாமல் இருப்பதுண்டு என்பதால், ஒரே தொட்டியில் இரண்டு தலைமுறைகளைப் பார்க்க முடிகிறது.

இந்தப் பிணைப்பே மறைசெலவும் ஆகிறது. இளமீன்களில் ஆண், பெண் தெரியாது. ஆகையால் ஐந்தோ ஆறோ இளமீன்களை வாங்கி, அவை தாமாக இணைசேரும்வரை வளர்த்து, மற்றவற்றை அகற்றியே ஆக வேண்டும். இணை உறுதியானதும் மற்ற மீன்கள் மூலையில் ஒதுக்கப்படும். அப்போது கொடுக்க ஓர் இடத்தை முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். வளர்ந்த ஓர் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வாங்கிச் சேர்த்துவைக்கும் முயற்சி பல நேரங்களில் பெண்ணின் கிழிந்த துடுப்பில் முடிகிறது. இணையில் ஒன்று இறந்தால் மற்றது புதுத்துணையை ஏற்பது அரிது. அதற்குப் பிறகு அது தனியாக வாழும் ஒரு மீன் என்று ஏற்றுக்கொள்வதே நல்லது.

நீரின் பொருட்டு இந்த மீன் கொடுக்கும் விட்டுக்கொடுப்பு மற்ற இரண்டிலும் இல்லை. பிறந்த ஆற்றில் நீர் மென்மையானது, நடுநிலையை ஒட்டியது. ஆயினும் ஓரளவு கடினமான, பி.எச். 8 வரையிலான நீரிலும் இது நலமாக வாழ்கிறது, குஞ்சும் பொரிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் காரத்தன்மை கூடிய நீரில் அதே அளவு அமோனியா அதிக நஞ்சாகிறது என்பதை மறக்கக் கூடாது. வடிகட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி அது முதிரும்முன் மீனை விடுபவருக்குக் கடின நீர் மன்னிப்பு அளிப்பதில்லை. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டும் கிணறாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. நீரைக் கலப்பதே முறை.

ஓர் இணைக்கு இரண்டரை அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் போதும். மேல்நீரில் ஓட்டத்தை விரும்பும் மீன்களைச் சேர்க்கலாம். காங்கோ டெட்ரா சேர்ந்தால் ஊர்ப் பொருத்தம் அமையும். தென்னிந்திய, இலங்கை ஓடைகளின் மலபார் டேனியோ அந்தப் பொருத்தத்தைக் கெடுத்தாலும் ஓட்டத்தில் சிறப்பாக விளையாடும், எளிதிலும் கிடைக்கும். குகைக்குப் போட்டியிடும் சைனோடான்டிஸ் கெளுத்தியை மட்டும் சேர்க்க வேண்டாம். இரவில் முட்டைக் குகைக்குள் அது நுழைந்தால் காலையில் முட்டை இருக்காது.

## டினான்டி

நீண்டு மெலிந்த உடல், திமிலற்ற தலை, முதிர்ந்த ஆணுக்கு அகன்ற வாய், தரையோடு படுத்திருக்கும் பாங்கு ஆகியவற்றால் இது சிக்லிட்டை விட உளுவை மீனைப் போலவே தோன்றும். போல் இதற்காக முதலில் ஏற்படுத்திய பேரினப் பெயரும் கோபியோகுரோமிஸ், அதாவது உளுவை போன்ற சிக்லிட் என்பதுதான். பின்னர் அது ஸ்டீட்டோகிரானஸுக்குள் சேர்க்கப்பட்டது. விரைநீருக்காக உடல் எப்படி மாறுகிறது என்பதைக் காண விரும்புபவருக்கு, கேசுவேரியஸைவிட இது தெளிவான பாடம். பாறையில் உடலை ஒட்டிக்கொண்டு, தலையை மட்டும் உயர்த்தி, தொட்டிக்கு முன்னால் வருபவரைக் கண்களால் பின்தொடர்வது இதன் வழக்கம்.

இதுவும் இணையாக வாழ்ந்து குகையில் முட்டையிடும். ஆனால் இணைப்பிணைப்பு தளர்வானது. முட்டையில்லாத காலத்தில் ஆண் தன் எல்லைக்குள் பெண்ணையும் விரட்டக்கூடும். ஆகவே ஓர் இணைக்கே மூன்றரை அடித் தொட்டியும், ஒன்றையொன்று பார்க்காதபடி பிரிந்து நிற்கும் பாறைக் குவியல்கள் இரண்டும் வேண்டும். ஆண், பெண் பிரித்தறிவதும் கடினம். தலையும் வாயும் பெருத்த பிறகே ஓரளவு தெரியும். கடின நீரைத் தாங்கும் திறத்திலும் கேசுவேரியஸுக்கு ஒரு படி கீழே இருப்பதாகவே என் அனுபவம் சொல்கிறது. இவ்வளவு சொன்ன பிறகு யாருக்காக இதைப் பரிந்துரைப்பது என்று கேட்கலாம். குஞ்சு பெருக்கும் ஆசை இல்லாமல், தனி மீனாகவோ பெரிய தொட்டியில் ஓர் இணையாகவோ வைத்து, அதன் நடையையும் பார்வையையும் ரசிப்பவருக்கு மூன்றிலும் இதுவே ஏற்றது. பெருகிய குஞ்சுகளின் சுமையும் கேசுவேரியஸைவிடக் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டும் ஒரே பேரினம்தானே என்று கேசுவேரியஸையும் டினான்டியையும் ஒரே தொட்டியில் விடுவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். கீழ்க்காங்கோவின் ஸ்டீட்டோகிரானஸ் இனங்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இயற்கையிலேயே அவற்றிடையே இனக்கலப்பு நடந்திருப்பதற்கான தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆற்றில் நேர்வது மூன்றடிக் கண்ணாடிக்குள் நேராது என்று யாரும் உறுதி தர முடியாது. எந்த இனம் என்று சொல்ல முடியாத குஞ்சுகளை மற்றவருக்குக் கொடுப்பது, ஏற்கெனவே பெயர்க்குழப்பம் மிகுந்த இந்தப் பேரினத்துக்கு நாம் செய்யும் உதவியாக இராது. கேசுவேரியஸ் என்று விற்கப்படுவதோடு அதே பேரினத்தின் கிப்பிசெப்ஸும் குழம்பிப் போவது உண்டு. பற்களைப் பார்த்துப் பிரிக்க வேண்டிய அளவுக்கு இரண்டும் வெளித்தோற்றத்தில் நெருக்கம்.

## டெலியோகிராமா பிரிச்சார்டி

பெரும்பாலான சிக்லிட்களின் உடலில் பக்கவாட்டுக் கோடு இரண்டு துண்டாக உடைந்திருக்கும். டெலியோகிராமாவில் அது முழுமையான ஒரே கோடு, பேரினப் பெயரின் பொருளும் அதுவே. பிரிச்சார்டி என்ற இனப்பெயர், அன்றைய லியோபோல்ட்வில்லில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், மீன் ஏற்றுமதி செய்து பிற்காலத்தில் டாங்கனிக்கா ஏரிக்கு இடம்பெயர்ந்த பியர் பிரிச்சார்டை நினைவுகூர்கிறது. இதே பேரினத்தில் 2015-இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு ஒபாமா தம்பதியரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அது நம் கடைகளுக்கு வரும் நாள் அருகில் இல்லை.

கறுத்து நீண்ட, பல்லியைப் போல நெளிந்து செல்லும் இந்த மீனில் வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணே அழகு. பெண்ணின் வால்துடுப்பின் மேல்விளிம்பில் அகன்ற வெள்ளைப்பட்டை ஒன்று இருப்பதால், ஐந்தாவது அளவுகோலில் இது மற்ற இரண்டையும் எளிதாக வென்றுவிடுகிறது. முட்டையிடும் காலத்தில் பெண்ணின் வயிறு செம்மது நிறமாகச் சிவக்கும். கறுத்த உடலின் நடுவே அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் பலரும் இந்த மீனுக்கு அடிமையாகிறார்கள். நானும் அப்படி அடிமையானவனே.

குடும்ப முறையில் இது மற்ற இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஓர் ஆண் பல பெண்களின் எல்லைகளை உள்ளடக்கிய ஒரு பரப்பைத் தனதாக்கிக்கொள்கிறது. முட்டையைக் காப்பது பெண்ணின் பொறுப்பு. முட்டையிட்டு முடித்ததும் ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் அந்நியர். ஆணால் நுழைய முடியாத குறுகிய வாசல் உள்ள குகை பெண்ணுக்கு வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் முடிவு பெரும்பாலும் ஒன்றே. முதன்முறை வாங்கியபோது எனக்குக் கிடைத்த நான்கில் இரண்டு ஆண். பெரிய தொட்டிதானே என்ற அலட்சியத்தில் சேர்த்தே விட்டேன். மூன்றாம் வாரம் சிறிய ஆண், ஸ்பாஞ்ச் வடிகட்டிக்கும் மூலைக் கண்ணாடிக்கும் இடையே துடுப்புகள் தேய்ந்து ஒளிந்துகிடந்தது. தனித் தொட்டிக்கு மாற்றியும் பிழைக்கவில்லை. விரட்டப்படும் மீன் மூடியின் விரலளவு இடைவெளியிலும் வெளியே தாவிவிடும் என்பதைப் பிறிதொரு காலையில் கற்றுக்கொண்டேன்.

ஆகவே ஓர் ஆணும் மூன்று பெண்களும் என்ற கணக்கில், நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தரை இதற்குக் குறைந்தபட்சம். ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு குகைகள் என்று வைத்தால்கூட எல்லைச் சண்டை இருக்கும், ஆனால் உயிர்ச்சேதம் குறையும். முட்டைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் இருபது, முப்பதுக்குள் என்பதால் குஞ்சுச் சுமை மிகக் குறைவு. சந்தைக்கு வருபவற்றில் ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை மிகுதி என்பது இதன் பெரிய மறைசெலவு: தனிமைத் தொட்டி ஒன்று, குடற்புழு நீக்கம், உறைந்த ஆர்டீமியாவிலிருந்து (உப்புநீரில் வாழும் சிறிய இறால் போன்ற உயிரி) உலர்தீனிக்குப் பழக்கும் பொறுமை என்று முதல் இரண்டு மாதங்கள் கழியும். மென்மையான நீரும் நிறைந்த உயிர்வாயுவும் இதற்குக் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். கேசுவேரியஸ் சோர்ந்து கிடக்கும் மின்வெட்டில் இது இறந்துபோகும்.

## அட்டவணையில்

| அளவுகோல் | கேசுவேரியஸ் | டினான்டி | டெலியோகிராமா பிரிச்சார்டி |
|---|---|---|---|
| குடும்ப முறை | நிலையான இணை | தளர்வான இணை | ஓர் ஆண், பல பெண்கள் |
| வாங்க வேண்டியது | 5 அல்லது 6 இளமீன்கள் | ஒன்று, அல்லது ஏற்கெனவே சேர்ந்த இணை | 1 ஆண், 3 பெண் |
| குறைந்தபட்சத் தரை | இரண்டரை அடி × ஒன்றேகால் அடி | மூன்றரை அடி × ஒன்றரை அடி | நான்கு அடி × ஒன்றரை அடி |
| ஆண், பெண் அறிதல் | இளமையில் இயலாது | கடினம் | பெண்ணின் வாலில் வெள்ளைப்பட்டை |
| கடின நீர் | தாங்கும் | ஓரளவு | தவிர்க்கவும் |
| குஞ்சுச் சுமை | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| மறைசெலவு | மிஞ்சும் மீன்களுக்கு இடம் | கூடுதல் தரைப்பரப்பு | தனிமைத் தொட்டி, ஆர்.ஓ. நீர் |

தீனிக்கு ஒரு வரிசை சேர்க்காததற்குக் காரணம், அதில் வேறுபாடு சிறிது என்பதே. ஸ்பைருலினா கலந்த மூழ்கும் தீனி, வெந்நீரில் ஒரு கொதி விட்ட கீரை, உறைந்த ஆர்டீமியா ஆகியவை மூன்றுக்கும் பொருந்தும். டெலியோகிராமாவுக்கு மட்டும் கீரையைக் குறைத்து ஆர்டீமியாவைக் கூட்டலாம். மாட்டு இதயம் போன்ற கொழுப்புத் தீனி எதற்கும் ஆகாது, வயிறு உப்பிவிடும்.

## எந்த வீட்டுக்கு எது

ஆழ்துளைக் கிணற்று நீர், மூன்றடித் தொட்டி, வீட்டில் மீன்களைப் பார்த்து ரசிக்கும் குழந்தைகள் என்ற நிலையில் இருப்பவர் வேறு எதையும் யோசிக்காமல் கேசுவேரியஸை வாங்கலாம். மீன் வளர்ப்பில் அனுபவம் குறைந்தவரும் இதையே வாங்க வேண்டும். வளர்ந்த குஞ்சுகளை எடுத்துக்கொள்ள நண்பர்களோ, கொளத்தூர் போன்ற சந்தையோடு தொடர்புள்ளவர்களோ இல்லாதவர்கள் மட்டும் ஒருமுறை தயங்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஒற்றை டினான்டி போதும் என்பேன். ஒற்றை மீனை வைப்பது கொடுமை என்று சிலர் வாதிடக்கூடும். கூட்டமாக வாழும் மீனுக்கு அது பொருந்தும். தன் பாறையைத் தவிர வேறெதையும் நாடாத மீனுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது மனித வழக்கத்தை மீன்மேல் ஏற்றுவது.

டெலியோகிராமாவை விரும்புபவர் தம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கடித் தொட்டியை இந்த நான்கு மீன்களுக்காகவே ஒதுக்க முடியுமா? அறையின் வெப்பத்தை ஆண்டு முழுவதும் 28 டிகிரிக்குள் வைத்திருக்க முடியுமா? இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் வீட்டில் யாராவது எழுவார்களா? மூன்றில் ஒன்றுக்கு விடை தெளிவாக ஆம் என்று வராவிட்டால், ஒரு கேசுவேரியஸ் இணையோடு ஓராண்டைக் கழித்துவிட்டு மீண்டும் யோசிப்பது நல்லது.

இந்த மூன்றிலும் நிறைவில்லாமல் வேறொன்றைத் தேடுபவர்களுக்கு இரண்டு சொற்கள். கானாவின் வோல்டா ஆற்றிலிருந்து வரும் இர்வினி, நெடுங்காலம் ஸ்டீட்டோகிரானஸ் என்றே அழைக்கப்பட்டாலும், காங்கோ மீன்களுக்கு நெருங்கிய உறவில்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. முரட்டுத்தனத்தால் அது தனித் தொட்டி கேட்கும். இரண்டடித் தொட்டி மட்டுமே உள்ளவர் இந்த விரைநீர் மீன்களை விட்டுவிட்டு, கீழ்க்காங்கோவிலேயே வாழும் சிறிய நானோகுரோமிஸ் பாரிலஸைத் தேடலாம். அதற்கு மென்மையான நீர் வேண்டும் என்பதை மட்டும் முன்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவதாக இருந்தாலும், மார்ச் முதல் ஜூன் வரை வாங்க வேண்டாம். இறக்குமதிப் பைகள் வெயிலில் பயணம் செய்யும் காலம் அது. உயிர்வாயு குறைந்த பையிலிருந்து சூடான தொட்டிக்கு மாறும் விரைநீர் மீன் முதல் வாரத்தைத் தாண்டுவதே கடினம். அந்த நான்கு மாதங்களில் பாறையை அடுக்கி, மணலை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, பாறைமேல் பாசி படர விட்டால், மழை தொடங்கிய பிறகு வரும் மீன்களுக்கு முதல் நாளே மேய ஏதாவது இருக்கும்.